அடைபடாத ஓட்டையும் நம் பள்ளிக் கணினியும்

(ஏற்காடு மலைப் பகுதி ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில், மஞ்சக்குட்டையில் பணிபுரியும் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு கணினிப் பாதுகாப்பு. பெரிய தலைப்பு. அதில் ஒரே ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பி.டி.எஃப், வேர்டு போன்ற ஆவணங்களைத் திறக்கும் மென்பொருளில் ஓர் ஓட்டை இருக்கிறது என்று தெரிந்துவிட்டது; அதை அடைக்கும் திருத்தம் இன்னும் வரவில்லை. அந்த நாட்களில் நாம் என்ன செய்வது? திருத்தம் வந்த பிறகு என்ன செய்வது? இந்த இரண்டு கேள்விகள்தான் இன்றைய பேச்சு.

"இதெல்லாம் வங்கிக்காரர்களுக்கும் ராணுவத்துக்கும்தானே, நமக்கென்ன?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். ஒரு வாரத்தில் பள்ளிக் கணினிக்கு எத்தனை ஆவணங்கள் வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள். முதன்மைக் கல்வி அலுவலரின் செயல்முறைகள், சுற்றறிக்கை, வினாத்தாள், உதவித்தொகைப் படிவம், பயிற்சிக் கட்டகம், கலந்தாய்வுப் பட்டியல். பாதி மின்னஞ்சலில் வரும், மீதி வாட்ஸ்அப் குழுவில் வரும். குழுவில் வந்ததை இன்னொரு குழுவுக்குத் தள்ளிவிடுவோம். யார் முதலில் அனுப்பினார் என்று யாருக்கும் தெரியாது.

அதே கணினியில் வேறு என்ன இருக்கிறது? எமிஸ் தளத்தின் கடவுச்சொல். பிள்ளைகளின் ஆதார் நகல். சாதிச் சான்று. வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம். பெற்றோரின் கைபேசி எண். நம் மலைக் கிராமங்களில் ஒரு சான்றிதழுக்காகத் தோட்ட வேலையை விட்டுவிட்டு, ஒரு நாள் கூலியை இழந்து, அலுவலகத்துக்குப் பல முறை நடந்த பெற்றோர் இருக்கிறார்கள். அப்படி வாங்கிய காகிதத்தை நம் கையில் கொடுக்கும்போது அவர்கள் ரசீது கேட்பதில்லை. "டீச்சர்கிட்ட கொடுத்தாச்சு" என்று நிம்மதியாகப் போகிறார்கள். ஆகவே இது நம் பிள்ளைகளைப் பற்றிய பேச்சு.

ஆவணம் என்பது காகிதம் அல்ல

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். பி.டி.எஃப் கோப்பைப் பார்க்கும்போது அச்சடித்த தாளைப் பார்ப்பது போலத்தான் இருக்கும். தாள் நம்மை ஒன்றும் செய்யாது. ஆனால் பி.டி.எஃப் கோப்பு என்பது தாள் அல்ல. ஒரு தாளை வரைவது எப்படி என்று சொல்லும் கட்டளைகளின் தொகுப்பு. இந்த இடத்தில் இந்த எழுத்தை வை, இந்தப் படத்தை இவ்வளவு அகலத்தில் விரி, இந்தக் கட்டத்தில் எண் எழுதினால் கூட்டுத்தொகையை அங்கே காட்டு. இப்படி ஆயிரக்கணக்கான கட்டளைகள். அவற்றை ஒவ்வொன்றாகப் படித்துச் செய்து முடிப்பதுதான் ரீடர் என்று நாம் சொல்லும் மென்பொருளின் வேலை. கூட்டல் போடும் படிவங்களுக்காக ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியையும் பி.டி.எஃப் கோப்புக்குள் எழுதி வைக்கலாம்.

அப்படியானால் ஓட்டை என்பது என்ன? வருகைப் பதிவேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டத்துக்குள் எழுத வேண்டியதை ஒருவர் கட்டம் மீறி எழுதிவிட்டார். எழுத்து பக்கத்துக் கட்டத்தின் மேல் விழுந்து, அங்கிருந்த எண்ணை மாற்றிவிட்டது. பக்கத்துக் கட்டம் மதிய உணவு எண்ணிக்கை என்று வையுங்கள். அதைப் பார்க்கும் சத்துணவு அமைப்பாளர் அந்த எண்ணை நம்பி அரிசி போடுவார். அவர் மேல் தவறில்லை. பதிவேட்டில் இருந்ததைத்தானே செய்தார்?

கணினியின் நினைவகமும் இப்படிக் கட்டம் கட்டமாக இருக்கிறது. "என் படம் இவ்வளவு பெரியது" என்று கோப்பு சொல்லும். மென்பொருள் அதை நம்பி அவ்வளவு இடம் ஒதுக்கும். ஆனால் உள்ளே வருவது அதைவிடப் பெரியது. சரிபார்க்க வேண்டிய இடத்தில் மென்பொருளை எழுதியவர் சரிபார்க்கத் தவறியிருந்தால், மீதி பக்கத்துக் கட்டங்களில் வழியும். வழிந்தது சாதாரண எழுத்தாக இருந்தால் மென்பொருள் நின்றுபோகும், அவ்வளவுதான். வழிய வேண்டியது எது என்று கணக்குப் போட்டு ஒருவர் எழுதியிருந்தால், அது கட்டளையாக மாறி ஓடும். அந்த நொடியில் கணினி நம்முடையது அல்ல. திரையில் சுற்றறிக்கை ஒழுங்காகத் தெரிந்துகொண்டே இருக்கும்.

நம் பகுதிப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லப் படம் தேவையில்லை. காபிக் காய்த்துளைப்பான் வண்டு தெரியாத பிள்ளை இங்கே கிடையாது. காயின் நுனியில் குண்டூசித் துளை அளவுக்கு ஓட்டை. வெளியே பார்த்தால் பழம் நன்றாகத்தான் இருக்கும். உள்ளே கொட்டையைத் தின்று முடித்திருக்கும்.

பூஜ்ய நாள் என்றால் என்ன?

ஓட்டையை முதலில் கண்டுபிடிப்பவர் நல்லவராக இருந்தால், மென்பொருளை உருவாக்கிய நிறுவனத்துக்கு ரகசியமாகச் சொல்வார். நிறுவனம் திருத்தம் தயாரித்து வெளியிடும். அந்தத் திருத்தத்துக்குப் பேட்ச் என்று பெயர். கிழிந்த துணிக்கு ஒட்டுப்போடுவது போல. நிறுவனத்துக்குத் தெரிவதற்கு முன்பே தீய நோக்கம் உடையவர் கண்டுபிடித்துப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டால், சரிசெய்ய நிறுவனத்துக்குக் கிடைத்த அவகாசம் பூஜ்யம் நாள். அதனால்தான் அதை ஜீரோ டே, பூஜ்ய நாள் ஓட்டை என்கிறார்கள்.

2009-ஆம் ஆண்டில் அடோபி ரீடருக்கு இது அடுத்தடுத்து நடந்தது. பிப்ரவரி 19 அன்று அந்த நிறுவனம் ஓர் ஓட்டையை ஒப்புக்கொண்டது. கருப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்த பக்கங்களின் அளவைச் சுருக்க ஜேபிக்2 என்ற முறை இருக்கிறது. அந்தச் சுருக்கத்தை விரிக்கும் பகுதியில்தான் ஓட்டை. 9-ஆம் பதிப்புக்குத் திருத்தம் வந்தது மார்ச் 10. இடையில் 19 நாட்கள். பழைய 7, 8 பதிப்புகளை வைத்திருந்தவர்கள் மார்ச் 18 வரை காத்திருந்தார்கள்.

அந்த 19 நாட்களில், ஜாவாஸ்கிரிப்ட் வசதியை அணைத்து வையுங்கள் என்று பலரும் அறிவுரை சொன்னார்கள். அது ஆபத்தைக் குறைத்தது, முழுதாகத் தடுக்கவில்லை. ஏனென்றால் ஓட்டை இருந்தது படத்தை விரிக்கும் இடத்தில். ஜன்னலைச் சாத்தினால் திருடனுக்கு வசதி குறையும், உடைந்த கதவு சரியாகிவிடாது. கோப்பை முழுதாகத் திறக்காமல், கோப்புறையில் அதன் சிறுபடம் தெரியும்போதே இந்த ஓட்டை இயங்கக்கூடும் என்றும் ஓர் ஆய்வாளர் செய்து காட்டினார்.

2009 டிசம்பர், டெல்லி

அதே ஆண்டு டிசம்பரில் இன்னொன்று. ஒலி, ஒளிக் கோப்புகளை இயக்குவதற்காக ரீடரில் இருந்த ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கட்டளையில் ஓட்டை. டிசம்பர் 15 அன்று அடோபி எச்சரிக்கைக் குறிப்பை வெளியிட்டது. பேட்ச் வரும் நாள் 2010 ஜனவரி 12 என்று சொன்னது. அந்த நாளில்தான் வந்தது. 28 நாட்கள் ஓட்டை திறந்தே இருந்தது. இந்த முறை ஜாவாஸ்கிரிப்டை அணைத்தவர்கள் தப்பித்தார்கள். ஒரே மென்பொருள், ஒரே ஆண்டு, ஒரே அறிவுரை. ஒரு முறை பாதி பலன், மறுமுறை முழுப் பலன். அதனால்தான் ஒவ்வொரு எச்சரிக்கையையும் தனித்தனியாகப் படிக்க வேண்டும் என்கிறேன்.

அதே டிசம்பர் 15 அன்று நம் நாட்டில் ஒன்று நடந்தது. அப்போது தேசியப் பாதுகாப்பு ஆலோசகராக இருந்தவர் எம்.கே. நாராயணன். தன் அலுவலகத்தையும் வேறு அரசுத் துறைகளையும் குறிவைத்து அன்று மின்னஞ்சல் வந்தது, அதனுடன் இணைந்திருந்த பி.டி.எஃப் கோப்புக்குள் ட்ரோஜன் எனப்படும் ஒற்று நிரல் இருந்தது என்று 2010 ஜனவரியில் லண்டனிலிருந்து வெளிவரும் டைம்ஸ் பத்திரிகைக்கு அவரே சொன்னார். சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள், சுத்தம் செய்து முடிக்கும்வரை கணினிக்குள் நுழைய வேண்டாம் என்று அதிகாரிகளுக்குச் சொல்லப்பட்டது. ஒரே தேதி என்பதற்காக இரண்டையும் முடிச்சுப் போட வேண்டாம். இதில் நாம் கவனிக்க வேண்டியது வேறு. நாட்டின் பாதுகாப்புக்கே ஆலோசனை சொல்லும் அலுவலகத்துக்குள் நுழைய முயன்றவர்கள் கையில் எடுத்த கருவி, நாம் தினமும் பத்து முறை திறக்கும் அதே பி.டி.எஃப்.

யாருடைய காகிதம் போனது?

இதற்குச் சில மாதங்கள் கழித்து, 2010 ஏப்ரல் 6 அன்று, கனடாவின் டொரண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறு சில அமைப்புகளுடன் சேர்ந்து ஓர் அறிக்கையை வெளியிட்டார்கள். 'மேகத்தில் நிழல்கள்' என்பது அதன் தலைப்பின் பொருள். தரம்சாலாவில் உள்ள தலாய் லாமாவின் அலுவலகக் கணினிகளில் ஊடுருவல் நடந்ததை அவர்கள் முன்பே ஆராய்ந்தவர்கள். 2009 மார்ச்சில் வந்த அந்த முதல் அறிக்கையில் 103 நாடுகளில் 1,295 கணினிகள் பாதிக்கப்பட்டிருந்ததைக் காட்டியிருந்தார்கள். இரண்டாவது அறிக்கையில் வெளிவந்த பெரும் பாதிப்பு இந்தியாவுக்கு. அடோபி ரீடர், மைக்ரோசாப்ட் வேர்டு, பவர்பாயிண்ட் ஆகியவற்றின் ஓட்டைகளைப் பயன்படுத்தும் கோப்புகள் மின்னஞ்சலில் வந்திருந்தன. உள்ளே நுழைந்த நிரல், ட்விட்டர், கூகுள் குழுக்கள், யாகூ மின்னஞ்சல் போன்ற சாதாரண சேவைகள் வழியாகவே தன் எஜமானரிடம் உத்தரவு வாங்கியது. வெளியிலிருந்து பார்த்தால் யாரோ மின்னஞ்சல் பார்க்கிறார் என்றுதான் தோன்றும்.

அங்கே திருடுபோனவற்றில் ரகசிய அறிக்கைகள் இருந்தன. தலாய் லாமா அலுவலகத்தின் ஏறக்குறைய 1,500 கடிதங்கள் இருந்தன. என் மனதை உறுத்தியது வேறொன்று. ஆப்கானிஸ்தானில் உள்ள இந்தியத் தூதரகங்களில் விசாவுக்கு விண்ணப்பித்தவர்களின் விவரங்களும் போயிருந்தன. 13 நாடுகளைச் சேர்ந்தவர்கள் அவர்கள். ஒற்றர்கள் இல்லை, தளபதிகள் இல்லை. பயணம் செய்ய விரும்பி ஒரு படிவத்தை நிரப்பி, ஓர் அலுவலகத்தை நம்பிக் கொடுத்தவர்கள். ஓட்டை இருந்தது அலுவலகத்தின் கணினியில். இழந்தது அவர்கள்.

இதைப் படித்தபோது நம் பள்ளி அலமாரியும், அதில் வகுப்பு வாரியாகக் கட்டி வைத்திருக்கும் ஆதார் நகல்களும்தான் எனக்கு நினைவுக்கு வந்தன. கொடுத்தவர் ஒருவர், வைத்திருப்பவர் இன்னொருவர். கவனக்குறைவு வைத்திருப்பவருடையது, கஷ்டம் கொடுத்தவருடையது. இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்தாலே, இனி சொல்லப்போகும் எதுவும் கூடுதல் வேலையாகத் தெரியாது.

இரண்டாவது இடைவெளி நம்முடையது

ஓட்டை தெரிந்த நாளிலிருந்து பேட்ச் வரும் நாள் வரை உள்ளது முதல் இடைவெளி. அது நிறுவனத்தின் கையில் இருக்கிறது. பேட்ச் வந்த நாளிலிருந்து நம் கணினியில் அது ஏறும் நாள் வரை உள்ளது இரண்டாவது இடைவெளி. அது நம் கையில் இருக்கிறது. முதலாவது 19 நாளோ 28 நாளோ இருக்கும். இரண்டாவது பல பள்ளிகளில் பல ஆண்டுகள்.

கணித ஆசிரியர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஓர் உதாரணம் சொல்கிறேன். வேர்டில் பின்னமும் வர்க்கமூலமும் தட்டச்சு செய்ய ஈக்வேஷன் எடிட்டர் என்ற கருவி இருந்தது. வினாத்தாள் தயாரித்தவர்கள் எல்லாரும் பயன்படுத்தியதுதான். அந்தக் கருவியின் நிரல் 2000-ஆம் ஆண்டு நவம்பரில் உருவானது. அதன்பிறகு ஆபீஸ் மென்பொருள் எத்தனையோ பதிப்புகள் மாறியது. இந்தச் சின்னக் கருவி மட்டும் மாறாமல் உள்ளே உட்கார்ந்திருந்தது. 17 ஆண்டுகள் கழித்து அதில் ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. 2017 நவம்பர் 14 அன்று பேட்ச் வந்தது. பிறகு இன்னோர் ஓட்டையும் தெரியவர, 2018 ஜனவரியில் மைக்ரோசாப்ட் அந்தக் கருவியையே எடுத்துவிட்டது. பழைய வினாத்தாளில் சமன்பாட்டைத் திருத்தப் போனால் முடியவில்லையே என்று அப்போது குழம்பியவர்கள் இங்கே இருப்பீர்கள். காரணம் இதுதான்.

கதை அதோடு முடியவில்லை. 2020 மே மாதம் அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்புகள், 2016 முதல் 2019 வரை அதிகமாகப் பயன்படுத்தப்பட்ட ஓட்டைகளின் பட்டியல் ஒன்றை வெளியிட்டன. அதில் முன்வரிசையில் இருந்தது இதே ஈக்வேஷன் எடிட்டர் ஓட்டை. 2012-லேயே பேட்ச் வந்துவிட்ட இன்னோர் ஆபீஸ் ஓட்டையும் அதே பட்டியலில் இருந்தது. பேட்ச் வந்து ஏழு ஆண்டுக்குப் பிறகும் அது வேலை செய்கிறது என்றால், ஏழு ஆண்டுகளாக யாரோ பேட்ச் போடாமல் இருக்கிறார்கள் என்று பொருள். திருடர்கள் புதிய சாவி செய்யச் சிரமப்படுவதில்லை. பழைய சாவி திறக்கும் வீடுகள் போதுமான அளவு இருக்கின்றன.

நம் நிலை என்ன? விண்டோஸ் 7-க்கு இலவச ஆதரவு 2020 ஜனவரி 14-இல் நின்றுவிட்டது. ஆபீஸ் 2010-க்கு 2020 அக்டோபர் 13. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14. ஆதரவு நின்றுவிட்டது என்றால் அதன்பிறகு தெரியவரும் ஓட்டைகளுக்கு வழக்கமான பேட்ச் வராது. மலையில் இணைய வேகம் குறைவு, மின்சாரம் போகும், சில நேரம் ஆசிரியரின் சொந்தக் கைபேசி இணைப்பில்தான் பள்ளிக் கணினி ஓடுகிறது. அப்டேட் கேட்டால் 'பிறகு' என்று அழுத்திவிடுகிறோம். சிரமம் உண்மையானது. ஆனால் சிரமத்தைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட முடியாது.

பேட்ச் வராத நாட்களில் செய்ய வேண்டியவை

முதலாவது, அனுப்பியவரைக் கேட்பது. எதிர்பாராத கோப்பு வந்தால், திறக்கும் முன் அனுப்பியவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. "ஐயா, நீங்கள்தான் அனுப்பினீர்களா?" என்று கேட்க ஒரு நிமிடம் ஆகும். அதே மின்னஞ்சலுக்குப் பதில் எழுதிக் கேட்கக் கூடாது. அந்தக் கணக்கே வேறொருவர் கையில் இருக்கலாம். மேலதிகாரியின் பெயரில் வந்தது, 'உடனடி' என்று சிவப்பில் எழுதியிருக்கிறது என்பதற்காக அவசரப்பட வேண்டாம். உடனடி என்ற சொல்லைப் பார்த்ததும் ஆசிரியர் கை எப்படி விரையும் என்று நமக்குத் தெரிவதுபோல அவர்களுக்கும் தெரியும்.

இரண்டாவது, வேண்டாத வசதிகளை அணைப்பது. அடோபி ரீடரில் எடிட் பட்டியலில் பிரிஃபரன்சஸ் என்பதற்குள் போனால் ஜாவாஸ்கிரிப்ட் என்ற பகுதி இருக்கும். அங்கே உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். கணக்குப் போடும் படிவங்கள் தவிர, நாம் படிக்கும் சுற்றறிக்கை எதற்கும் அது தேவையில்லை.

மூன்றாவது, மஞ்சள் பட்டையை மதிப்பது. இணையத்திலிருந்து வந்த வேர்டு கோப்பைத் திறந்தால் மேலே மஞ்சள் பட்டை வரும்; 'எனேபிள் எடிட்டிங்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அது தொல்லை அல்ல. கோப்பைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டுகிறது. படிக்க மட்டும் என்றால் அந்தப் பொத்தானைத் தொடவே வேண்டாம். அடோபி ரீடரிலும் 2010 நவம்பரில் வந்த பத்தாம் பதிப்பு முதல் இப்படி ஒரு காப்புமுறை இருக்கிறது. அதை யாரும் அணைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்றும் முக்கியம். பென்டிரைவில் வரும் கோப்புக்கு இந்த மஞ்சள் பட்டை பெரும்பாலும் வராது. அது எங்கிருந்து வந்தது என்ற அடையாளம் வழியிலேயே தொலைந்திருக்கும். ஜெராக்ஸ் கடைக்கும் பள்ளிக்கும் போய்வரும் பென்டிரைவ் அதனால்தான் கூடுதல் கவனத்துக்கு உரியது.

நான்காவது, வேலையைப் பிரிப்பது. இரண்டு கணினி இருந்தால், எமிஸ் பதிவும் பிள்ளைகளின் ஆவணங்களும் ஒன்றில். வெளியிலிருந்து வருபவற்றைத் திறப்பது மற்றொன்றில். ஒரே கணினிதான் என்றால், அன்றாட வேலைக்கு நிர்வாகி உரிமை இல்லாத சாதாரணப் பயனர் கணக்கைப் பயன்படுத்துங்கள். கடவுச்சொல்லை உலாவியில் சேமிக்காதீர்கள். பழைய இலவச மடிக்கணினிகளில் விண்டோசுடன் பாஸ் லினக்ஸும் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. அதன் புதிய பதிப்பை நிறுவினால், ஆதரவு நின்றுபோன விண்டோசில் தொங்குவதைவிட மேல்.

ஐந்தாவது, நகல் வைப்பது. பதிவேடுகளின் நகலைத் தனி வன்தட்டில் எடுத்து, கணினியிலிருந்து கழற்றிப் பீரோவில் பூட்டுங்கள். செருகியே வைத்திருந்தால் கணினிக்கு வரும் கேடு அதற்கும் வரும்.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறேன். கைபேசிக்குக் 'கல்யாணப் பத்திரிகை' என்றோ 'போக்குவரத்து அபராதம்' என்றோ பெயர் வைத்த கோப்பு வருகிறது, கடைசியில் ஏ.பி.கே என்று முடியும். அது ஆவணமே இல்லை, செயலி. அதைத் திறந்து நிறுவ அனுமதி கொடுத்தால், அங்கே ஓட்டை எதுவும் தேவையில்லை. கதவைத் திறந்துவிட்டது நாம்தான். ஓட்டைக்குப் பேட்ச் உண்டு. இதற்கு நம் நிதானம் மட்டும்தான் பேட்ச்.

பேட்ச் வந்த பிறகு

மைக்ரோசாப்ட் மாதந்தோறும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை பேட்ச்களை வெளியிடுகிறது. அடோபியின் வழக்கமான பேட்ச்களும் பெரும்பாலும் அதே நாளில் வரும். நமக்கு அது செவ்வாய்க்கிழமை இரவு நேரம். ஆகவே ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்குப் பின்வரும் வெள்ளிக்கிழமையைப் பள்ளியின் அப்டேட் நாளாக வைத்துக்கொள்ளலாம். காலையில் தொடங்கிவிட்டால் மாலைக்குள் முடிந்துவிடும். யார் செய்தார், என்றைக்குச் செய்தார் என்று ஒரு நோட்டில் கையெழுத்து. தண்ணீர்த் தொட்டி கழுவிய தேதியை எழுதி வைப்பது போலத்தான்.

அப்டேட் செய்வதோடு, வேண்டாததை நீக்கவும் வேண்டும். காபித் தோட்டத்தில் அறுவடை முடிந்ததும் செடியில் மிஞ்சியதையும் தரையில் உதிர்ந்ததையும் பொறுக்குவார்கள். விட்டுவைத்தால் வண்டு அதில் தங்கி அடுத்த பருவத்தில் ஏறும். கணினியிலும் அப்படித்தான். யாரோ என்றோ நிறுவிய பழைய ரீடர், பழைய பதிப்பு, யாருக்கும் பயன்படாத மாற்றிகள், இவற்றையெல்லாம் நீக்குங்கள். இல்லாத மென்பொருளில் ஓட்டை இருக்க முடியாது.

எச்சரிக்கைகளை எங்கே பார்ப்பது? மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2004 முதல் இயங்குகிறது. எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பில் ஓட்டை, எவ்வளவு கடுமையானது, என்ன செய்ய வேண்டும் என்று அதன் தளத்தில் வெளியிடுகிறார்கள். ஒன்றியத்துக்கு ஓர் ஆசிரியர் வாரம் ஒரு முறை அதைப் பார்த்து, நம் பள்ளிகளில் உள்ள மென்பொருளுக்குப் பொருந்துவதை மட்டும் தமிழில் நாலு வரி எழுதிக் குழுவில் போட்டால் போதும்.

சொல்லப் பயப்படாத பள்ளி

நான் இன்று சொன்னவற்றில் மிக முக்கியமானது இதுதான். தொழில்நுட்பத்தைவிட முக்கியமானது.

ஓர் ஆசிரியர் கோப்பைத் திறக்கிறார். திரை ஒரு கணம் மின்னி மறைகிறது. ஏதோ சரியில்லை என்று அவருக்குத் தெரிகிறது. அவர் என்ன செய்வார்? பெரும்பாலும் கணினியை அணைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குப் போவார். சொன்னால் விளக்கம் கேட்பார்கள், "உங்களை யார் திறக்கச் சொன்னது?" என்பார்கள். அந்தப் பயம்தான் உள்ளே நுழைந்தவனுக்குக் கிடைக்கும் மிகப் பெரிய உதவி. டெல்லியில் சேதம் குறைந்ததற்குக் காரணம் சீக்கிரம் தெரிந்ததும், உடனே கணினியை விட்டு விலகச் சொன்னதும்தான்.

2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவின்படி, இணையப் பாதுகாப்புச் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் அதற்குத் தெரிவிக்க வேண்டும். அரசு அமைப்புகளுக்கும் இது பொருந்தும். 2023-ஆம் ஆண்டின் மின்னணு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் விவரங்களை வைத்திருப்பவர் அவற்றைப் பாதுகாக்கத் தக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. 18 வயது நிரம்பாதவர்களைக் குழந்தைகள் என்று கணக்கிட்டு அவர்களுக்குத் தனிக் கவனம் தருகிறது. சட்டமே நேரத்தை மணிக்கணக்கில் வைத்திருக்கும்போது, நம் பயம் அதை நாட்கணக்கில் ஆக்கக் கூடாது.

எனவே தலைமையாசிரியர்களிடம் என் பணிவான வேண்டுகோள் இது. "ஏதோ ஆகிவிட்டது" என்று ஓர் ஆசிரியரோ மாணவரோ வந்து சொன்னால், முதல் சொல் "நல்லவேளை சொன்னீர்கள்" என்பதாக இருக்கட்டும். பிறகு கணினியின் இணைய இணைப்பைத் துண்டியுங்கள். வேறு கணினியிலிருந்தோ கைபேசியிலிருந்தோ எமிஸ், மின்னஞ்சல் கடவுச்சொற்களை மாற்றுங்கள். வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். விசாரணை அதன்பிறகு.

இதே அணுகுமுறை வகுப்பறைக்கும் வேண்டும். உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் ஒரு மாணவன், "சார், இந்தத் தளத்தில் அடுத்தவன் மதிப்பெண் தெரிகிறது" என்று சொன்னால், அவன் குற்றவாளி அல்ல. ஓட்டையைக் கண்டு, உரியவரிடம் சொன்னவன். உலகம் முழுக்க ஆய்வாளர்கள் செய்வது அதைத்தான். முதலில் உருவாக்கியவரிடம் சொல்வது, அடைக்க அவகாசம் தருவது, பிறகு எல்லாருக்கும் சொல்வது. அவனுக்கு இரண்டையும் சொல்லித்தர வேண்டும். கண்டதைச் சொன்னது சரி. அனுமதியில்லாமல் உள்ளே புகுந்து துழாவுவது தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி குற்றம். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்த எல்லை நன்றாகப் புரியும். பக்கத்து வீட்டுக் கதவு திறந்திருந்தால் கூப்பிட்டுச் சொல்வதற்கும் உள்ளே போய்ப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு அவர்களுக்குத் தெரிந்ததுதானே.

மென்பொருளை எழுதுபவர்கள் மனிதர்கள். ஓட்டைகள் இருக்கும், இன்னும் வரும். அதை மஞ்சக்குட்டையில் உட்கார்ந்துகொண்டு நம்மால் நிறுத்த முடியாது. பேட்ச் வராத நாட்களில் நிதானமாக இருப்பதும், வந்த வாரத்திலேயே போடுவதும், தவறு நடந்தால் அன்றே சொல்வதும் நம்மால் முடியும். அடுத்த வாரம் பள்ளிக்குப் போனதும் இரண்டு வேலை மட்டும் செய்யுங்கள். பள்ளிக் கணினியில் எந்த விண்டோஸ், எந்த ஆபீஸ், எந்த ரீடர், எந்தப் பதிப்பு என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தக் கணினியில் எத்தனை பிள்ளைகளின் ஆவணங்கள் இருக்கின்றன என்று அதன் கீழே எழுதுங்கள். அந்தத் தாளை அடுத்த குறுவள மையக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். அங்கிருந்து தொடங்கலாம்.